கணினி எழுத்தறிவும் ஆசிரியர் பயிற்சியும்: விழுப்புரம், திண்டிவனத்திலிருந்து சில கேள்விகள்

(சாவித்திரிபாய் புலே நினைவு நாளையொட்டி ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



1897 மார்ச் 10 அன்று சாவித்திரிபாய் புலே மறைந்தார். பிளேக் நோயாளிகளுக்குப் பணிவிடை செய்தபோது அந்நோய் அவரையும் தொற்றியது. அவரை இந்த நாட்டுப் பெண்கல்வியின் முதல் ஆசிரியை என்று போற்றுகிறோம். அவர் முறையாகப் பயிற்சி பெற்ற ஆசிரியை என்பதை அந்த அளவுக்கு நாம் பேசுவதில்லை. அகமதுநகரில் சிந்தியா ஃபரார் என்ற மிஷனரி நடத்திய நிறுவனத்திலும், புனேயில் இருந்த நார்மல் பள்ளியிலும் அவர் பயிற்சி பெற்றார். வகுப்பறைக்குப் போகும் வழியில் சேற்றையும் சாணத்தையும் வாங்கிக்கொண்டு அவர் நடந்ததைச் சொல்லும் நாம், அந்த வகுப்பறைக்கு அவரைத் தயாரித்தது எது என்றும் கேட்க வேண்டும்.

ஜோதிராவ் புலே 1882இல் ஹண்டர் கல்விக் குழுவுக்கு ஒரு மனு அளித்தார். தொடக்கப் பள்ளி ஆசிரியர்களை இயன்ற வரை உழைக்கும் உழவர் வகுப்புகளிலிருந்தே எடுத்துப் பயிற்சி தர வேண்டும், அப்போதுதான் அந்த மக்களோடு கலந்து பழகி அவர்களுடைய தேவைகளைப் புரிந்துகொள்வார்கள் என்று அதில் வாதிட்டார். பதினோரு ஆண்டுகள் கழித்து, 1893இல், சென்னை மாகாண அரசு பஞ்சமர் கல்விக்காக ஓர் ஆணை வெளியிட்டது. சேரிகளில் பள்ளி திறப்பதோடு, ஆசிரியர் பயிற்சிக்குச் சேரும் பஞ்சம மாணவர்களுக்கு உதவித்தொகை தருவதையும் அது பேசியது. நம்முடைய பழைய தென்னார்க்காடு மாவட்டத்தில், சிதம்பரத்தில், சுவாமி சகஜானந்தர் 1916இல் நந்தனார் பள்ளியைத் தொடங்கினார். இந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு செய்தி தெரிகிறது. நம் முன்னோர் பள்ளிக்கூடம் கேட்டதோடு நிற்கவில்லை. அந்தப் பள்ளியில் யார் ஆசிரியர், அவருக்கு என்ன பயிற்சி என்பதையும் கேட்டார்கள்.

அதே கேள்வியை இன்று கணினியை வைத்துக் கேட்கலாம் என்று வந்திருக்கிறோம். டிஜிட்டல் எழுத்தறிவு என்று இப்போது எல்லோரும் சொல்கிறார்கள். அந்த எழுத்தறிவு நம் ஆசிரியர் பயிற்சி மாணவர்களுக்கு எப்படிக் கிடைக்கிறது, யாருக்குக் கிடைக்காமல் போகிறது, கிடைப்பது உண்மையில் எழுத்தறிவுதானா?

கருவிகள் வந்த வரிசை

தமிழ்நாட்டுக்குக் கருவிகள் வராமல் இல்லை. இதை நேர்மையாக ஒப்புக்கொண்டுதான் தொடங்க வேண்டும். 2011 செப்டம்பரில் அரசுப் பள்ளி, கல்லூரி மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. நம் காலனி வீடுகள் பலவற்றில் முதன்முதலாக நுழைந்த கணினி அதுதான். 2017இல் ஒன்றிய அரசின் தீக்ஷா தளம் வந்தது. 2018இல் வந்த புதிய பாடநூல்களில் கியூஆர் குறியீடு அச்சிடப்பட்டது. 2019 ஆகஸ்டில் கல்வித் தொலைக்காட்சி தொடங்கியது. 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டன. பெருந்தொற்று விட்டுச்சென்ற கற்றல் இழப்பைச் சரிசெய்ய 2021 அக்டோபர் 27 அன்று இல்லம் தேடிக் கல்வித் திட்டம் தொடங்கப்பட்டது. அது தொடங்கிய இடம் நம் விழுப்புரம் மாவட்டத்தின் மரக்காணம் ஒன்றியத்தில் உள்ள முதலியார்குப்பம். 2022 ஜூனில் எண்ணும் எழுத்தும், 2023 ஜூலையில் மணற்கேணி செயலி, 2024இல் தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள் ஏறத்தாழ 80,000 பேருக்குக் கைக்கணினி. நடுநிலைப் பள்ளிகளில் உயர் தொழில்நுட்ப ஆய்வகமும், தொடக்கப் பள்ளிகளில் திறன்மிகு வகுப்பறையும் அமைக்கப்பட்டன.

இந்த வரிசையில் வரும் ஒவ்வொன்றும் கடைசியில் ஆசிரியரின் கையில்தான் வந்து நிற்கிறது. இல்லம் தேடிக் கல்வியில் மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகைக்கு வேலை பார்த்த தன்னார்வலர்களில் மிகப் பெரும்பாலோர் பெண்கள். அவர்களில் நம் காலனிகளைச் சேர்ந்த டி.டி.எட்., பி.எட். முடித்த பெண்கள் கணிசமாக இருந்தார்கள். மாலை நேரத்தில் கோயில் திண்ணையிலும் வீட்டு வாசலிலும் பிள்ளைகளை உட்கார வைத்துப் பாடம் சொன்னவர்களும் அவர்கள்தான், வருகையைச் செல்பேசியில் பதிவேற்றியவர்களும் அவர்கள்தான். செல்பேசி, ரீசார்ஜ் எல்லாம் அவர்களுடையதே. கருவிகளின் வரலாற்றை எழுதுபவர்கள் தொடக்க விழாத் தேதிகளை எழுதுகிறார்கள். இந்த உழைப்பை யாரும் எழுதுவதில்லை.

பயிற்சிக் கூடத்தில் நடப்பது

மயிலத்தில் அரசின் மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனம் இருக்கிறது. விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்தில் தனியார் கல்வியியல் கல்லூரிகள் இருக்கின்றன. 2011 கணக்கெடுப்பின்படி, கள்ளக்குறிச்சி பிரிவதற்கு முந்தைய விழுப்புரம் மாவட்ட மக்களில் ஏறத்தாழ 29 விழுக்காட்டினர் பட்டியல் சாதியினர். ஆகவே இங்கே ஆசிரியர் பயிற்சிக்கு வரும் பெண்களில் பலர் முதல் தலைமுறைப் பட்டதாரிகள். கரும்பு வெட்டுக்கும் செங்கல் சூளைக்கும் போன குடும்பங்களின் பிள்ளைகள்.

தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் 2014 ஒழுங்குமுறைகளுக்குப் பிறகு பி.எட். இரண்டு ஆண்டுப் படிப்பாயிற்று. அந்தப் பாடத்திட்டத்தில் தகவல் தொழில்நுட்பத்தை விமர்சன நோக்கில் புரிந்துகொள்ளுதல் என்றே ஒரு பகுதி இருக்கிறது. பெயரைக் கேளுங்கள்: விமர்சன நோக்கு! தாளில் நல்ல எண்ணம்தான். நடைமுறையில் பல இடங்களில் அது ஒரு ரெக்கார்டு நோட்டாக முடிகிறது. விசைப்பலகையின் படத்தை வரைந்து பாகங்களைக் குறிக்கிறார்கள். மென்பொருளின் திரையை அச்செடுத்து ஒட்டுகிறார்கள். கற்பித்தல் பயிற்சிக்கான பிபிடியை பேருந்து நிலையத்துக்குப் பக்கத்து நெட் சென்டரில் காசு கொடுத்துச் செய்து வாங்குகிறார்கள். கணினியைப் பற்றிய பாடத்தைக் கணினியைத் தொடாமலே முடித்துவிட முடிகிறது.

அந்த மாணவிகளைக் குறை சொல்ல இதைச் சொல்லவில்லை. அவர்களுக்கு வேறு வழி என்ன இருக்கிறது? 2017-18இல் எடுக்கப்பட்ட தேசிய மாதிரி ஆய்வின் 75ஆவது சுற்றின்படி, இந்தியக் கிராமப்புற வீடுகளில் கணினி இருந்தது 4.4 விழுக்காட்டில்தான். நகரத்தில் 23.4 விழுக்காடு. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வு, இணையத்தை ஒருமுறையேனும் பயன்படுத்திய பெண்கள் 33.3 விழுக்காடு, ஆண்கள் 57.1 விழுக்காடு என்கிறது. இவை நாடு முழுமைக்குமான சராசரிகள். ஊர், சேரி என்று பிரித்துப் பார்த்தால் என்ன வரும் என்பதை இந்த அரங்கில் விளக்க வேண்டியதில்லை. இடையில் செல்பேசி பரவியிருக்கிறது, உண்மைதான். ஆனால் ஒரு செல்பேசி என்றால் அது யாருடையது? காலையில் வேலைக்குப் போகும் அண்ணனோடு போய்விடும் செல்பேசி, இரவு பத்து மணிக்குத்தான் தங்கை கைக்கு வருகிறது. அதில் அன்றைய டேட்டா எவ்வளவு மிச்சமிருக்கும்?

இப்படிப் படித்து வெளியே வருபவர்கள் எதன் முன்னால் போய் நிற்கிறார்கள்? 2022 அக்டோபரில் ஆசிரியர் தகுதித் தேர்வின் முதல் தாளும், 2023 பிப்ரவரியில் இரண்டாம் தாளும் கணினி வழியாகவே நடத்தப்பட்டன. முதுநிலை ஆசிரியர் தேர்வும் 2022இல் கணினி வழியாகவே நடந்தது. பயிற்சிக் காலத்தில் கணினியைத் தொடாமல் தேர்ச்சி தருகிற அமைப்பு, வேலைக்கான வாசலில் அதே கணினியை வைத்தது. விடை தெரிந்திருந்தும் அடுத்த வினாவுக்கு எப்படிப் போவது, குறித்த விடையை எப்படி மாற்றுவது என்று தடுமாறிய தோழியரை நாங்கள் அறிவோம். இதற்குத் தகுதியின்மை என்று பெயர் வைக்க முடியுமா? பயிற்சி தராமல் தேர்வு வைப்பவர்களின் பொறுப்பின்மை அது.

தொடாதே

பயிற்சி மாணவர்கள் பள்ளிகளில் பல வாரங்கள் கற்பித்தல் பயிற்சி எடுக்கிறார்கள். அந்தப் பள்ளிகளில் கணினி அறை இருந்தால் அதன் சாவி யாரிடம் இருக்கிறது என்று நாங்கள் வழக்கமாகக் கேட்போம். தலைமையாசிரியரின் மேசையில் இருக்கும், அல்லது ஒரு குறிப்பிட்ட ஆசிரியரிடம் இருக்கும். பயிற்சிக்கு வந்த பிள்ளைகள் கேட்டால் கிடைக்கும் பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: தொடாதீங்க, கெட்டுப்போயிடும்.

அப்படிச் சொல்பவர் எல்லா நேரத்திலும் சாதியை மனதில் வைத்துச் சொல்கிறார் என்று நாம் சொல்லவில்லை. தணிக்கை வரும், பொருள் காணாமல் போனால் கையிலிருந்து கட்ட வேண்டும் என்ற பயம் அவருக்கும் இருக்கிறது. ஆனால் தொடாதே என்ற சொல் நம் செவியில் விழும்போது அது பல தலைமுறை ஓசையோடு விழுகிறது. வீட்டில் கணினி உள்ள பிள்ளை அந்தச் சொல்லைக் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போய்க் கணினியைத் தொடும். நம் பிள்ளை எங்கே போகும்? பியர் பூர்தியு பண்பாட்டு மூலதனம் என்று சொன்னாரே, அது இங்கே இப்படித்தான் வேலை செய்கிறது. பயமில்லாமல் ஒரு பொத்தானை அழுத்திப் பார்ப்பதும், தப்பாகப் போனால் திரும்ப அழுத்துவதும் திறமை என்று எண்ணப்படுகின்றன. உண்மையில் அவை உரிமையோடு பழகியதால் வரும் சுபாவம். தப்புச் செய்து பார்க்க இடம் கொடுக்காத பயிற்சி பயிற்சியே அல்ல.

பதிவேற்றுவது எழுத்தறிவா?

இன்னொரு பக்கம், பணியில் இருக்கும் ஆசிரியர்களைப் பாருங்கள். வருகைப் பதிவு, நலத்திட்டப் பொருள், மாணவரின் உயரம், எடை, சாதி, வங்கிக் கணக்கு எல்லாம் எமிஸ் தளத்தில். இந்தப் பதிவேற்றும் வேலையிலிருந்து விடுவிக்க வேண்டும் என்று ஆசிரியர் சங்கங்கள் பல ஆண்டுகளாகக் கோரி வந்திருக்கின்றன. பெருந்தொற்றுக் காலத்தில் நிஷ்தா பயிற்சிகள் இணையத்துக்கு மாறியபோது, காணொளியை ஒரு பக்கம் ஓடவிட்டு, வினாக்களுக்கான விடையை வாட்ஸ்அப் குழுவில் வாங்கி, சான்றிதழைப் பதிவிறக்கிக்கொள்ளும் பழக்கமும் வந்தது.

பயிற்சி மாணவர்கள் இதைப் பார்த்துத்தான் டிஜிட்டல் அறிவு என்றால் என்ன என்று கற்கிறார்கள். கேட்ட விவரத்தைக் கேட்ட நேரத்தில் நிரப்பிக் கொடுப்பதுதான் அது என்று நினைக்கிறார்கள். பாவ்லோ ஃப்ரேய்ரே வங்கிமுறைக் கல்வியைப் பற்றி எழுதியபோது ஆசிரியர் மாணவருக்குள் தகவலைப் போட்டு வைப்பதைச் சொன்னார். இன்று ஆசிரியரே தகவலைத் தளத்துக்குள் போட்டுக்கொண்டிருக்கிறார். இதில் வாசிப்பு எங்கே, எழுத்து எங்கே?

எழுத்து என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். தமிழ் 99 விசைப்பலகையை 1999இல் தமிழ்நாடு அரசு ஏற்றது. ஒருங்குறியை 2010இல் ஏற்றது. ஆனால் இன்று ஆசிரியர் பயிற்சி முடிக்கும் எத்தனை பேருக்குக் கணினியில் தமிழ் தட்டச்சு தெரியும்? செல்பேசியில் ஆங்கில எழுத்தில் தமிழை அடிக்கிறார்கள், அல்லது வாயால் சொல்லிப் பதிகிறார்கள். ஒரு பக்கம் தமிழில் எழுத வேண்டுமென்றால் டிடிபி கடைக்குப் போகிறார்கள். தமிழ்வழிப் பள்ளியில் கற்பிக்கப் போகும் ஆசிரியருக்குக் கணினியில் தமிழ் எழுதத் தெரியாது என்றால், அவர் மற்றவர்கள் செய்து தந்த காணொளியைக் காட்டுபவராக மட்டுமே இருப்பார். தன் ஊர்ப் பிள்ளைகளுக்காக ஒரு பாடத்தைத் தானே உருவாக்க அவரால் முடியாது.

கற்ற ஆசிரியர் என்ன செய்ய முடியும்?

திண்டிவனத்தில் இருப்பவர்களுக்கு இருளர் மக்களின் போராட்டம் தெரியும். பேராசிரியர் பிரபா கல்விமணியும் பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கமும் முப்பது ஆண்டுகளாக இங்கே வேலை செய்கிறார்கள். ரோசணையில் தாய்த்தமிழ்ப் பள்ளி நடக்கிறது. 2021இல் ‘ஜெய் பீம்’ படம் வந்த பிறகுதான் பலருக்கு இருளர் என்ற பெயரே தெரிந்தது. அந்த மக்களின் அன்றாடப் போராட்டத்தில் ஒன்று சாதிச் சான்றிதழ். பழங்குடிச் சான்றிதழுக்கு இணையத்தில் விண்ணப்பிக்க வேண்டும். ஆவணங்களை ஸ்கேன் செய்ய வேண்டும். ஓடிபி வரும் செல்பேசி எண் இருக்க வேண்டும். சூளைக்குப் போன குடும்பம் ஆறு மாதம் கழித்துத் திரும்பும்போது அந்த எண் ரீசார்ஜ் இல்லாமல் செத்திருக்கும். போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகையும் அப்படியே. வங்கிக் கணக்கோடு ஆதார் இணையாவிட்டால் பணம் வராது.

இங்கே ஓர் ஆசிரியர் என்ன செய்ய முடியும் என்று பாருங்கள். விண்ணப்பத்தின் நிலை என்ன, எந்த மேசையில் எதற்காக நிற்கிறது என்பதை அந்தப் பெற்றோருக்குத் தளத்தைத் திறந்து காட்டலாம். தள்ளுபடி செய்யப்பட்டால் காரணத்தை அச்செடுத்து மேல்முறையீட்டுக்கு உதவலாம். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் எப்படிக் கேட்பது என்று சொல்லித் தரலாம். ஒரு பிள்ளையின் படிப்பு பத்தாம் வகுப்போடு நிற்குமா தொடருமா என்பதை இந்த அறிவு தீர்மானிக்கிறது. பயிற்சிப் பாடத்திட்டத்தில் இதற்கு ஓர் அலகு இருந்தால் நாம் டிஜிட்டல் எழுத்தறிவு என்று நம்பிச் சொல்லலாம்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. ஒரு பிள்ளையின் சாதியும் வறுமையும் ஒரு தளத்தில் பதிவாகும்போது அதை யார் யார் பார்க்கிறார்கள்? உதவித்தொகைப் பட்டியலைப் பெயரோடும் சாதியோடும் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டால், அந்தப் பிள்ளை மறுநாள் வகுப்பில் எப்படி உட்காரும்? 2023இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்திருக்கிறது. 18 வயதுக்கு உட்பட்டோரின் தரவுக்குப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும் என்கிறது, அரசுக்கு விரிவான விலக்குகளையும் தருகிறது. ஆசிரியராகப் போகிறவர் இதைப் படிக்க வேண்டாமா?

சாதி வெறி செல்பேசி வழியாகப் பிள்ளைகளின் பைக்குள் வருகிறது என்பதும் நமக்குத் தெரியும். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு பள்ளி மாணவன் சக மாணவர்களாலேயே வெட்டப்பட்டான். அதன்பின் அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. பள்ளி வளாகத்தில் மாணவர்கள் செல்பேசி பயன்படுத்தத் தடை வேண்டும் என்றும் அது சொன்னது. அந்தத் தடையின் நோக்கம் புரிகிறது. ஆனால் பள்ளி மணி அடித்த பிறகு அந்தப் பிள்ளை பார்க்கும் சாதிப் பெருமைக் காணொளியைப் பற்றி, மறுநாள் வகுப்பில் பேசத் தெரிந்த ஓர் ஆசிரியர் வேண்டும். அதற்கான பயிற்சி எங்கே தரப்படுகிறது?

வெளியே நடந்தவை

இது நம் ஊர்ப் பிரச்சினை மட்டுமல்ல. பெரு நாட்டில் ஏழைப் பள்ளிகளுக்குப் பல லட்சம் மடிக்கணினிகள் கொடுத்தார்கள். ஆசிரியர் பயிற்சியும் பாட முறையும் அதோடு சேரவில்லை. பின்னால் ஆய்வு செய்தபோது கணக்கிலும் மொழியிலும் பிள்ளைகளின் கற்றல் உயரவில்லை என்று தெரிந்தது. யுனெஸ்கோவின் 2023 உலகக் கல்விக் கண்காணிப்பு அறிக்கை, கல்வியில் தொழில்நுட்பம் யாருடைய நிபந்தனைகளின்படி வருகிறது என்ற கேள்வியையே தலைப்பில் வைத்தது.

அருகில் கேரளத்தைப் பாருங்கள். 2001இல் ஐடி அட் ஸ்கூல் திட்டத்தைத் தொடங்கியபோது பள்ளி ஆசிரியர்களையே பயிற்றுநர்களாக்கினார்கள். கட்டற்ற மென்பொருளுக்கு மாறினார்கள். மலையாளத்தில் பாடநூல் எழுதினார்கள். 2017இல் அது கைட் என்ற நிறுவனமாயிற்று. கேரளத்தில் எல்லாம் சரியாக இருக்கிறது என்று நாம் சொல்ல மாட்டோம். பெருந்தொற்றுக் காலத்தில் அங்கும் பழங்குடி, தலித் பிள்ளைகள் இணையவழி வகுப்புக்கு வெளியே நின்றார்கள். ஆனால் ஆசிரியரை நம்பித் தொடங்கிய திட்டத்துக்கும், பெட்டியை இறக்கிவிட்டு ரசீது வாங்கும் திட்டத்துக்கும் வேறுபாடு இருக்கிறது.

நாம் கேட்பது

1. டி.எல்.எட்., பி.எட். படிப்புகளில் கணினிப் பகுதியை ரெக்கார்டு நோட்டால் மதிப்பிடக் கூடாது. ஒவ்வொரு மாணவரும் கணினியின் முன் உட்கார்ந்து செய்து காட்ட வேண்டும். அதற்கான மணி நேரம் கால அட்டவணையில் இருக்க வேண்டும்.

2. ஆதிதிராவிடர், பழங்குடியினர் நல விடுதிகளில் மாலை நேரத்தில் திறந்திருக்கும் கணினி அறையும் இணையமும் வேண்டும். சாவி மாணவர் குழுவிடம் இருக்க வேண்டும்.

3. ஆசிரியர்களுக்குப் பயிற்சி தரும் கருத்தாளர்களில் தலித், பழங்குடிப் பெண்களுக்கு உரிய பங்கு வேண்டும். 1882இல் புலே வைத்த வாதத்தின் தொடர்ச்சி இது.

4. தமிழ் தட்டச்சு, நலத்திட்ட விண்ணப்பம், தரவு உரிமை, இணையத்தில் சாதி வெறுப்பை எதிர்கொள்ளுதல் ஆகியவை பாடத்திட்டத்தில் சேர வேண்டும்.

5. பதிவேற்றும் பணிக்குத் தனி ஊழியர் வேண்டும். ஆசிரியர் கற்பிக்கட்டும்.

6. கணினி வழித் தேர்வு நடத்தினால், அதற்கு முன் ஒவ்வொரு வட்டத்திலும் கட்டணமில்லாத பயிற்சித் தேர்வு நடத்த வேண்டும்.

அரசிடம் கேட்டுக்கொண்டே நாம் செய்ய வேண்டியதும் இருக்கிறது. நம் காலனிகளில் அம்பேத்கர் படிப்பகங்கள் இருக்கின்றன. 2011க்குப் பிறகு கிடைத்த மடிக்கணினிகளில் பல இன்று பரண்மேல் கிடக்கின்றன. கட்டற்ற மென்பொருளை நிறுவினால் அவற்றில் பலவற்றுக்கு உயிர் வரும். ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம், பயிற்சி மாணவிகள் ஐந்து பேர், இரண்டு கணினிகள் போதும். முதல் பாடமாகத் தமிழ் 99 கற்கட்டும். இரண்டாவது பாடமாகத் தங்கள் சேரியின் வரலாற்றைப் பாட்டியிடம் கேட்டுத் தட்டச்சு செய்யட்டும். பஞ்சமி நிலம் எங்கே இருந்தது, முதல் பள்ளிக்கூடம் எப்போது வந்தது, முதலில் படித்த பெண் யார் என்று எழுதட்டும். இலக்கிய அமைப்பாகிய நமக்கு இதைவிடப் பொருத்தமான வேலை எது? அந்தப் பக்கங்களை அச்சிடும் பொறுப்பை நாம் ஏற்றுக்கொள்வோம்.

அண்ணல் அம்பேத்கர் தந்த மூன்று சொற்களில் முதல் சொல் ‘கற்பி’. படித்தவர் தான் படித்ததோடு நின்றுவிடாமல் அடுத்தவருக்குச் சொல்லித் தர வேண்டும் என்ற கட்டளை அது. இந்த அரங்கில் இருக்கும் பயிற்சி மாணவர்கள் அடுத்த சில ஆண்டுகளில் மரக்காணத்திலோ செஞ்சியிலோ வானூரிலோ ஒரு வகுப்பறையில் நிற்பீர்கள். உங்கள் முன்னால் ஒரு கணினியும் நாற்பது பிள்ளைகளும் இருப்பார்கள். அறையின் கதவைத் திறந்து வையுங்கள். கடைசி வரிசையில் தயங்கி நிற்கும் பிள்ளையை முதலில் கூப்பிட்டு, தொட்டுப் பார் என்று சொல்லுங்கள்.

ஜெய்பீம்.